ஒரு மீன், இரண்டு தூண்டில்

அன்று மதியம் பெர்னிஸ் ஹாக்ஸ்டன் வீட்டுக்குச் சம்பந்தியம்மா முதன்முதலாகச் சாப்பிட வருவதாக இருந்தது. பெண்ணைப் பெற்றவள் என்றால் அந்நேரம் தலையை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, அடுப்பில் பன்றித்தொடை வேகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெர்னிஸோ பொழுது புலர்ந்தும் புலராத நேரத்தில் லாஸ்ட் மேர் ஏரிக்கரையில், பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ஸின் அடியில் இரும்பு முள்ளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஏரி அந்த வாரம்தான் உறைந்திருந்தது. கொலராடோ மலையில் அத்தனை உயரத்தில் அணை கட்டித் தேக்கிய தண்ணீர், டிசம்பர் பிறந்து காற்றடங்கிய நாலைந்து இரவுகள் வந்தால் கரைக்குக் கரை கெட்டித்துவிடும். அந்தப் புது ஐஸுக்கு அடியில் டிரவுட் மீன்கள் விரதம் முடித்த மாதிரி இரை தேடி அலையும். வெண்பனி விழுந்து மேலே மூடிக்கொண்டால் போச்சு. கீழே இருட்டி, மீன்கள் சோம்பிப்போய், பகல் முழுக்க உட்கார்ந்தாலும் தூண்டில் அசையாது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் பெர்னிஸுக்குக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமைக்குள் பனி விழுந்துவிடும் என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். மகள் டெஸ்ஸா விருந்து வைக்கத் தேடிப் பிடித்ததும் இதே சனிக்கிழமையைத்தான்.

முந்தின நாள் வீட்டில் அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. டெஸ்ஸா கெஞ்சினாள், கோபித்தாள், கடைசியில் அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா கிளென் எதற்கும் பதறாதவர். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கம்மாவை வீட்டில் பிடித்து வைத்தால் ஜன்னல் வழியாக ஏரிப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள், வந்தவங்களுக்கு அதுதான் மரியாதைக்குறைவு என்று தீர்ப்புச் சொன்னார். பதினோரு மணிக்குள் வீடு வந்து சேர்வதாகவும், சம்பந்திக்கு வறுத்துப்போட நல்ல மீன் கொண்டுவருவதாகவும் பெர்னிஸ் வாக்குக் கொடுத்தாள்.

"அவங்க ரொம்ப நாகரிகமானவங்கம்மா. அழகு நிலையம் வச்சிருக்காங்க. நீ பாட்டுக்கு மீன் நாத்தத்தோட பூட்ஸ் காலோட வந்து நின்னுடாத," என்று டெஸ்ஸா எச்சரித்து அனுப்பினாள்.

அந்த நாகரிகமானவரைப் பற்றி பெர்னிஸுக்கு அவ்வளவாகக் கவலை இல்லை. அவளுடைய கவலையெல்லாம் பையனைப் பற்றித்தான். மாத்தியோ ட்ருஹீயோ நல்லவன்தான். கணவாய்க்கு அந்தப்பக்கம் பள்ளத்தாக்கில் மின்கம்பம் ஏறி வேலை பார்க்கிறான். புயலோ பனியோ, கூப்பிட்டால் போகிறான். ஆனால் வீட்டுக்கு வந்தால் அவன் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: "சரிங்க மேடம்." காபி வேணுமா என்றாலும் அதுதான், காபி ஆறிப்போச்சே என்றாலும் அதுதான். ஒருமுறை வேண்டுமென்றே பெர்னிஸ் நாலு மடங்கு உப்புப் போட்ட முட்டையை வைத்துப் பார்த்தாள். தின்று முடித்துவிட்டு நன்றாக இருந்தது மேடம் என்றான். கம்பத்து உச்சியில் அத்தனை தைரியமாக நிற்கிறவன் முதுகெலும்பை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டா வருகிறான் என்று கிளெனிடம் கேட்டாள். டெஸ்ஸாவோ பிடிவாதக்காரி. தாயைக் கொண்டு பிறந்தவள். தலையாட்டிக்கொண்டே இருக்கிற ஆம்பளையோடு எத்தனை நாள் காலம் தள்ளுவாள் என்பது பெர்னிஸுக்கு உள்ளூர உறுத்தியது.

எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டு, சாமான்களை ஏற்றிய இழுவைப் பலகையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் ஏரியில் இறங்கினாள். கையில் கடப்பாரை. ஓரடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்திப் பார்த்தாள். பாரை கணீரென்று எகிறியது. ஐஸ் கறுத்துத் தெளிவாக இருந்தது. குனிந்து பார்த்தால் ஏரி எப்போதோ மூச்சு விட்டமாதிரி வெள்ளை வெள்ளையாகக் காற்றுக்குமிழிகள் உள்ளே அடுக்கடுக்காக உறைந்து நின்றன. எங்கோ அணைப்பக்கத்திலிருந்து ஒரு விரிசல் பெரிய மிருகம் முனகுவதுபோல் நீள ஓடி வந்து காலடியில் கடந்து போனது. ஐஸ் இறுகுகிறது. அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. குளிரில் மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, அவளோ கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

பட்ட பைன் மரம் நிற்கும் முனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவளுடைய இடம் இருந்தது. அணை வருவதற்கு முன் அங்கே ஓடை ஓடிய பள்ளம் அடியில் இருக்கிறது, மீன்கள் அந்த வழியாகத்தான் போய்வரும். வருஷா வருஷம் முதல் துளையை அவள் அங்கேதான் போடுவாள்.

அந்த இடத்தில் ஒரு கூடாரம் நின்றது. ரோஜா நிறக் கூடாரம். உள்ளேயிருந்து அக்கார்டியனும் எக்காளமுமாக ஒரு ஸ்பானியப் பாட்டு, ஏரிக்கரை மலையெல்லாம் எதிரொலிக்க வந்துகொண்டிருந்தது.

பெர்னிஸ் கடப்பாரையை ஊன்றி நின்றாள். காலையில் முதன்முதலாக அவள் வாயிலிருந்து வந்த பேச்சு நல்ல பேச்சாக இல்லை.

"உள்ள யாரும்மா அது? அந்தப் பாட்ட நிறுத்தறீங்களா? மீனுங்களுக்குக் காது இருக்கு."

கூடாரத்தின் கதவு விலகியது. ஒரு பெண் தலையை நீட்டினாள், பெர்னிஸ் வயதுதான் இருக்கும். குட்டையான உருவம், தலையில் நரித்தோல் குல்லாய், காதில் பெரிய வெள்ளி வளையம். அந்தக் குளிரிலும் உதட்டில் சிவப்புச் சாயம்.

"இருக்கட்டுமே. கேட்டுட்டுத்தான் என்கிட்ட வருதுங்க," என்றாள் அவள். அவள் காலடியில் இரண்டு டிரவுட்கள் ஐஸில் கிடந்தன. இரண்டும் முழங்கை நீளம்.

"இது என் எடம்."

"அப்படியா? பேரு எழுதியிருக்கா? இருட்டுல வந்தேன், சரியா பாக்கல."

இந்த மாதிரி ஆட்களுக்கு எப்படிப் பாடம் கற்பிப்பது என்று பெர்னிஸுக்குத் தெரியும். வேறு இடம் போவதில்லை. கூடாரத்துக்குப் பக்கத்திலேயே, கல்லெறி தூரம்கூட இல்லை, தன் பெரிய துளைப்பானை நிறுத்தித் திருக ஆரம்பித்தாள். ஐஸ் துருவிய தேங்காய்போல் சுற்றிலும் குவிந்தது. பொத்துக்கொண்டு தண்ணீர் பொங்கி வந்ததும், மிதந்த துண்டுகளை ஜல்லிக்கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். குட்டைத் தூண்டிலில் புழுவைக் கோத்து இறக்கினாள்.

அதற்கப்புறம் நடந்தது அநியாயம். அந்தப் பெண்மணி மீன்மேல் மீனாக இழுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொன்னாள், வாடி ராசாத்தி என்றாள், சின்னதாக இருந்தால் போய் உங்கம்மாவைக் கூட்டிட்டு வா என்று திருப்பி விட்டாள். பெர்னிஸின் தூண்டில் மட்டும் சுவரில் அடித்த ஆணிபோல் அசையாமல் இருந்தது. புழுவை மாற்றினாள். ஆழத்தை மாற்றினாள். பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டாள். தொழிலில் கெட்டிக்காரியாக இல்லாதவள்மேல் கோபப்படலாம். இவளோ கைவரிசை தெரிந்தவள். நூலைத் தட்டும் விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் பெர்னிஸுக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு கட்டத்தில் கூடாரத்துப் பக்கத்திலிருந்து பிளாஸ்க் மூடி நிறையச் சூடான குழம்பு நீட்டப்பட்டது. பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்டது. வாசனை மூக்கைத் துளைத்தது.

"குடிங்க. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு."

"எனக்கு வேணாம்."

"உங்களுக்காகச் சொல்லல. நீங்க பல்லக் கடிக்கிற சத்தத்துல மீனுங்க ஓடுது."

பெர்னிஸ் வாங்கிக் குடித்தாள். காது வரைக்கும் காரம் ஏறியது. வாழ்க்கையில் அப்படி ஒரு குழம்பைக் குடித்ததில்லை என்று தோன்றியது. அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றாள். தூக்கல் என்றால் மூடியைக் கொடுங்கள் என்று அவள் கை நீட்டினாள். பெர்னிஸ் கொடுக்கவில்லை, அடிவரை வழித்துக் குடித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் பெர்னிஸின் தூண்டில் வளைந்தது.

சும்மா வளையவில்லை, நுனி துளைக்குள்ளேயே போய்விட்டது. அவள் வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள். ரீல் கிறீச்சிட்டு நூலை விட்டுக்கொடுத்தது. கீழே இருப்பது பெரியது, ஏரியில் பழம் தின்று கொட்டை போட்டது. அதே நொடியில் கூடாரத்திலிருந்தும் ஒரு கூச்சல். அங்கேயும் தூண்டில் வளைந்துவிட்டது. இரண்டு பேரும் முதுகுக்கு முதுகு கொடுத்தபடி, ஆளுக்கொரு துளையில், இழுப்பதும் விடுவதுமாகப் போராடினார்கள். பெர்னிஸ் இழுத்தால் அங்கே நூல் ஓடியது. அவள் இழுத்தால் இங்கே ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருவருக்கும் சந்தேகம் தட்டியது. திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் பெர்னிஸ்.

அவள் நிறுத்தினாள். பெர்னிஸ் மெல்ல இழுத்தாள். அங்கே தூண்டில் தலையாட்டியது.

ஒரே மீன். பெர்னிஸின் புழுவை விழுங்கியும் பேராசை அடங்காமல், போகிற வழியில் கூடாரக்காரியின் இரையையும் கவ்வியிருக்கிறது. இப்போது இரண்டு துளைகளுக்கும் நடுவில், காலுக்கு அடியில், இரு பக்கமும் இழுபட்டு நிற்கிறது. கறுப்பு ஐஸ் வழியாகப் பார்த்தால் நீளமாக ஒரு நிழல் பொன்னிறமாகப் புரள்வது தெரிந்தது.

விட்டுக்கொடுங்கள் என்றாள் பெர்னிஸ். நீங்கள் விடுங்கள் என்றாள் அவள். இரண்டு பேரும் விடாமல் இழுத்தால் நூல் அறுந்து மீனும் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் தீர்ப்புச் சொன்னது துளைதான். கூடாரத்துத் துளை சிறியது, அந்தத் தலை அதில் நுழையாது. அவள் ஸ்பானிய மொழியில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே நூலைத் தளர்த்தி விட்டுவிட்டு, ஓடிவந்து பெர்னிஸின் துளைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். கோட்டுக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, அந்த உறைநீரில் கையை விட்டாள்.

"கொண்டாங்க, கொண்டாங்க, மெதுவா... தலைய இந்தப் பக்கம் திருப்புங்க... ஐயோ என் கை... புடிச்சிட்டேன்."

செவுளில் விரலை மாட்டி அவள் இழுக்க, அவளுடைய கோட்டுப் பட்டையைப் பிடித்து பெர்னிஸ் பின்னால் இழுக்க, மீனும் மனுஷிகளும் ஒன்றாகச் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தார்கள். பழுப்பு டிரவுட். வயிறு வெண்ணெய் நிறம், உடம்பெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி, கொக்கிபோல் வளைந்த தாடை. வாயின் ஒரு ஓரத்தில் பெர்னிஸின் முள், மறு ஓரத்தில் அவளுடையது. இருவரும் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பெர்னிஸும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

பெர்னிஸ் தன் உலர்ந்த துண்டை எடுத்து அவளுடைய சிவந்த கையைச் சுற்றித் தேய்த்துவிட்டாள். தேய்த்து முடித்ததும் இரண்டு பேர் பார்வையும் மீன்மேல் போனது. சிரிப்பு நின்றது.

"என் துளையில வந்துது," என்றாள் பெர்னிஸ்.

"என் கையில வந்துது."

"இத பாருங்கம்மா, உங்ககிட்டதான் அத்தனை கிடக்கே. மத்தியானம் என் வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க. மீன் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எனக்கும்தான் விருந்து. சின்ன மீன நீட்டிக்கிட்டுப் போக முடியாது. என் மகன் கட்டிக்கப்போற பொண்ணோட வீடு. அந்தம்மா மீன் பிடிக்கிறதுல பெரிய புலியாம். இந்த மாதிரி ஒண்ண மேசையில போட்டாத்தான் நம்மள மதிப்பாங்க."

பெர்னிஸின் கை துண்டை மடிப்பதை நிறுத்தியது.

"அந்தம்மாவ பாத்திருக்கீங்களா?"

"இன்னும் இல்ல. ஸ்கூல் பஸ் ஓட்டறாங்களாம். அந்த பஸ்ல ஒரு பிள்ள தும்மாதாம். அவங்க முன்னாடி பாட்டுப் போட்டுடாதம்மா, நாம பாட்டுக்குப் போனோமா சாப்பிட்டோமா வந்தோமான்னு இருக்கணும்னு என் மகன் கெஞ்சறான். மீன் பிடிக்கிற கதையே எடுக்காதங்கறான். வழியில ஒரு பொருள் வாங்கணும்னு சொல்லிட்டு முன்னாடியே கிளம்பி வந்துட்டேன்."

பெர்னிஸ் பாட்டு வந்த ரேடியோவைப் பார்த்தாள். கூடாரத்தைப் பார்த்தாள். சிவப்பு உதட்டைப் பார்த்தாள்.

"உங்க மகன் எது சொன்னாலும் 'சரிங்க மேடம்'னு சொல்வானா?"

அவள் குல்லாயைப் பின்னால் தள்ளிவிட்டு பெர்னிஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களப் பத்தி ரொம்ப நாகரிகமானவங்கன்னு சொன்னா என் பொண்ணு," என்றாள் பெர்னிஸ். "பூட்ஸோட முன்னாடி வந்து நிக்காதன்னா."

எலோய்சா ட்ருஹீயோ தலையில் கைவைத்துக்கொண்டு அந்த ஐஸிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பெர்னிஸும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முனையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. எலோய்சா தன் கதையைச் சொன்னாள். மீன்பிடிப்பு அவள் கணவரோடு சேர்ந்து பழகியது. அவர் போனபிறகும் அவள் விடவில்லை, இன்னும் அதிகமாகத்தான் போகிறாள். டெஸ்ஸாவும் மாத்தியோவும் இதை பெர்னிஸிடம் வாயே திறக்காமல் மறைத்ததற்குக் காரணமும் இருவருக்கும் புரிந்துபோனது. இந்த இரண்டு அம்மாக்களையும் ஒரே ஏரியில் விட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததுதான் நடந்தும் இருக்கிறது.

கரையில் இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பதினோரு மணி எப்போதோ கழிந்திருந்தது. முன்னால் இறங்கியது டெஸ்ஸா. அம்மாவைத் தேடி வந்திருக்கிறாள். பின்னால் மாத்தியோ. விருந்து வீட்டுக்கு அம்மா வந்து சேரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றதும், எங்கே போயிருப்பாள் என்று ஊகித்து வந்திருக்கிறான். இரண்டு பேரும் கரையில் சந்தித்து, ஏரிக்குள் கைநீட்டி, அப்படியே உறைந்து நின்றதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது.

"சம்பந்தியம்மா," என்றாள் எலோய்சா மெதுவாக, கண்ணில் குறும்பு மின்ன. "நாம இன்னும் சண்டதான் போட்டுக்கிட்டு இருக்கோம். சரிதானே?"

பெர்னிஸ் ஏற்கெனவே எழுந்து மீனின் வாலைப் பிடித்திருந்தாள். எலோய்சா தலைப்பக்கம் பிடித்தாள். பிள்ளைகள் ஐஸில் சறுக்கி விழுந்தடித்து வந்து சேர்ந்தபோது அங்கே மூக்கும் மூக்கும் முட்ட ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. திருடி என்றாள் ஒருத்தி. கொள்ளைக்காரி என்றாள் இன்னொருத்தி. மீன் நடுவில் ஊசலாடியது.

"அம்மா," என்றாள் டெஸ்ஸா, குரல் நடுங்க. "அம்மா, இவங்க யாருன்னு தெரியுமா? மாத்தியோவோட அம்மா."

"இவளா? இவ வீட்டுக்கா உன்ன அனுப்பணும்? வண்டியில ஏறு. இந்தக் கலியாணம் நடக்காது."

"யாரு கேட்டா உங்க பொண்ண?" என்றாள் எலோய்சா. "என் மகனுக்குப் பொண்ணா கிடைக்காது? மாத்தியோ, கிளம்புடா."

டெஸ்ஸாவின் முகம் வெளிறி, கண் நிரம்பிவிட்டது. அதைப் பார்த்ததும் பெர்னிஸுக்குச் சுருக்கென்றது. விளையாட்டு போதும் என்று வாயெடுக்கப் போனாள். அதற்குள் மாத்தியோ நடுவில் வந்து நின்றான். இருவர் கையிலிருந்தும் மீனை வாங்கினான். வாங்கினான் என்றால், அவன் கைவைத்த விதத்தில் இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். அதை அலுங்காமல் ஐஸில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இல்லைங்க மேடம்," என்றான்.

பெர்னிஸுக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

"இல்லைங்க. டெஸ்ஸா வண்டியில ஏற மாட்டா. எங்கம்மாவ அவ இவன்னு பேசறதயும் நான் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. அம்மா, நீயும்தான். டெஸ்ஸாவ பத்தி இன்னொரு தடவ அப்படிப் பேசாத." அவன் சத்தம் போடவில்லை. கம்பத்து மேலே நின்று கீழே இருக்கிறவனுக்கு உத்தரவு சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். "நாங்க கலியாணம் பண்ணிக்கப் போறோம். நீங்க ரெண்டு பேரும் வந்தா எங்களுக்குச் சந்தோஷம். ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டோம்னா, வீட்லயே இருந்துக்கோங்க. கேக் எடுத்து வைக்கிறோம்."

டெஸ்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனித்தனி டப்பாவுல," என்றாள்.

பெர்னிஸ் அவர்கள் இருவரையும் பார்த்தாள். பின்னால் வெள்ளை மலை, அந்த விரிந்த கறுப்பு ஐஸ், அதில் கைகோத்து நின்ற இரண்டு பேர். இத்தனை மாதமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விறைப்பாக நின்று, நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் அடித்தாள்.

"சரிங்க சார்," என்றாள்.

எலோய்சாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துக்கொண்டே பெர்னிஸின் தோளில் சாய்ந்தாள். பெர்னிஸ் அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டாள். பிள்ளைகளுக்கு விஷயம் விளங்க ஒரு கணம் ஆயிற்று. விளங்கியதும் மாத்தியோ காது மடல்வரை சிவந்துபோனான். மன்னிச்சுக்கோங்க மேடம் என்று ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்டால் நிஜமாகவே பெண் கொடுக்க மாட்டேன் என்றாள் பெர்னிஸ். டெஸ்ஸாவுக்கோ கோபமான கோபம். கையுறையைக் கழற்றி முதலில் அம்மாமேல் எறிந்தாள், இன்னொன்றை மாமியார்மேல் எறிந்தாள். வயசுக்கு ஏத்த வேலையா செய்றீங்க ரெண்டு பேரும் என்று கத்தினாள். கத்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அதனால் இன்னும் கோபம் வந்தது. வீடு போய்ச் சேரும்வரை இருவரோடும் அவள் பேசவில்லை.

வீட்டில் கிளென் பன்றித்தொடையைத் தீய்த்துவிட்டிருந்தார். யாரும் வராமல் போனதால் சூடு ஆறக்கூடாது என்று அடுப்பிலேயே விட்டு வைத்தாராம். அதனால் என்ன, மீன் இருக்கிறதே என்று எலோய்சா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். அந்தப் பெரிய மீனை யார் அறுப்பது என்பதில் ஒரு சின்னத் தகராறு வந்து, தலைப்பக்கத்திலிருந்து ஒருத்தியும் வால்பக்கத்திலிருந்து ஒருத்தியுமாக அறுத்தார்கள். சதை பவழநிறத்தில் இருந்தது. மக்காச்சோள மாவில் புரட்டி, கிளெனின் இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, மேலே எலோய்சா கொண்டுவந்திருந்த பச்சை மிளகாய்க் குழம்பை ஊற்றினார்கள். நாகரிகமான சம்பந்தி விரலைச் சப்பிச் சாப்பிட்டாள். பெர்னிஸ் தலை வாரவுமில்லை, மேலே மீன் வாடை போகவுமில்லை, யாரும் அதை நினைக்கவுமில்லை. கிளென் ஏரியில் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "இல்லைங்க மேடம்" வரும் இடத்தில் இரண்டு தடவையும் மாத்தியோவின் முதுகில் தட்டினார்.

சாப்பாடு ஆனதும் டெஸ்ஸா கலியாணத் தேதியை எடுத்தாள். ஜனவரிக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளும் மாத்தியோவும் யோசித்திருந்தார்கள்.

"ஜனவரியிலயா?" என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த நேரத்தில் ஐஸ் எவ்வளவு கெட்டியாக இருக்கும், ஏரியின் நடுப்பகுதிக்கே போகலாம், அப்போது போய்க் கலியாணமா? அப்படியானால் மே என்றான் மாத்தியோ. மே மாதம் ஐஸ் உருகி, கரையோரம் மீன்கள் மொய்க்கும் என்று எலோய்சா வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். கோடையில் ஓடைகள் இருக்கின்றன, இலையுதிர் காலத்தில் பழுப்பு டிரவுட் மேலேறி வரும். ஒவ்வொரு மாதமாகத் தள்ளுபடி ஆனது. கடைசியில் கிளென்தான் வழி கண்டுபிடித்தார். ஏப்ரலில் சில வாரங்கள் ஐஸ் நைந்து, காலை வைக்கவும் முடியாது, தூண்டில் போடவும் தண்ணீர் தெரியாது. ஊரெல்லாம் சேறு. அப்போது இந்த மலையில் ஒருவனுக்கும் வேலை கிடையாது. சம்பந்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஏப்ரல் நல்ல மாதம்தான் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள். சேற்றில் கலியாணம் என்று டெஸ்ஸா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மாத்தியோ அவள் தலையைத் தடவிக்கொண்டே, பூட்ஸ் போட்டுக்கலாம் என்றான்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் தூசிபோல், பிறகு பஞ்சு பஞ்சாக. பொழுது சாய்வதற்குள் கணவாயை அடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. எலோய்சா தங்கித்தான் ஆகவேண்டும். அவள் கொஞ்சமும் வருந்தியதாகத் தெரியவில்லை. வீடு முழுக்க அவள் போட்ட பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது, கிளெனின் கால் மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பெர்னிஸ் மாடிக்குப் போய் விருந்தினர் அறையில் படுக்கையைத் தட்டி விரித்தாள். பழைய தடித்த போர்வையை எடுத்துப் போட்டாள். உலர்ந்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி தேடி எடுத்துத் தலையணைமேல் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி நேராக, அமைதியாக விழுந்துகொண்டிருந்தது. கீழே எலோய்சா ஏதோ சொல்ல, கிளென் மூச்சுத் திணறுமளவுக்குச் சிரிப்பதும், அதற்குள் மாத்தியோ "இல்லம்மா, அப்படி இல்ல, நான் சொல்றேன்" என்று குறுக்கிடுவதும், டெஸ்ஸா அதற்குமேல் குரல் எடுப்பதும் கேட்டன.

என்ன கதை என்று தெரியவில்லை. தவறவிடக் கூடாது என்று தோன்றியது. பெர்னிஸ் தலையணை உறையைப் பாதி மாட்டியபடியே கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகக் கீழே இறங்கினாள்.